பந்தலடியில் பிறந்த ஊற்று

எங்கள் துண்டுக்கு வெயில் வந்த வருடம்தான் எல்லாம் நடந்தது.

துண்டு என்பது அம்மாவின் சொல். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் அது ரப்பர்த் தோட்டம், கம்பனியுடையது. லயத்துக்குப் பின்னால் நாங்கள் மரக்கறி போட்டுக்கொள்ளும் இடத்தையும் தோட்டம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆகவே துண்டு. யட்டியாந்தோட்டைக் கடைவீதியிலிருந்து மேலே ஏறும் பாதையில், மலையின் இடுப்பை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், குடும்பத்துக்கு ஓர் அறையாக ஆறு காம்பராக்கள் சேர்ந்த எங்கள் லயம் நின்றது. குசினிக் கதவைத் திறந்தால் ஆளுயர மண்சுவர். அதில் வெட்டிய படிகளில் ஏறினால் சரிவில் வீட்டுக்கொன்றாகத் துண்டுகள். அவற்றுக்கு மேலே மலை உச்சிவரை ரப்பர் மரங்கள்.

ரப்பர் நிழலில் மரக்கறி போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். தை மாதம் ரப்பர் இலை கொட்டும்போது கொஞ்ச நாட்களுக்கு வெயில் கீழே இறங்கும். அதை நம்பி அம்மா விதை போடுவாள். செடி நாலு இலை விட்டு நிமிர்வதற்குள் மேலே மரங்கள் புது இலை விட்டு மூடிக்கொள்ளும். கத்தரிச் செடி பூக்காமல் நெட்டையாக வளர்ந்து, வெயில் எங்கே என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். வெண்டி ஒன்றிரண்டு காய்த்து ஓய்ந்துவிடும். மரவள்ளி மட்டும் எதையும் சட்டை செய்யாமல் வளரும். அதை முள்ளம்பன்றி தின்னும்.

பால் வற்றிய பழைய மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடுவதென்று கம்பனி முடிவெடுத்தது. பெரிய இயந்திரத்தை மலையில் ஏற்றினார்கள். மரங்களை வெட்டவில்லை, வேரோடு பெயர்த்தார்கள். ஒவ்வொரு மரமும் சாயும்போது எங்கள் குசினியில் அலுமினியச் சட்டிகள் அதிரும். வேலை முடிந்த மறுநாள் காலையில் அம்மா படியேறிப் போனவள், கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு வெறும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு வெயிலையும் இத்தன வருசமா எவன்டா பூட்டி வச்சிருந்தான்?" என்றாள்.

அப்போது நான் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் வருவார். அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள். விடிந்ததும் போய் வெட்டி, பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மீதிப் பொழுது முழுக்கத் துண்டில்தான்.

அந்தத் தையில் போட்ட விதைகள் முளைத்த விதம் எங்களுக்கே பயமாக இருந்தது. கத்தரி இடுப்பளவில் நின்று பூத்தது. பூசணிக் கொடி ஒரே வாரத்தில் பக்கத்துத் துண்டுக்குள் கால் வைத்தது. நானும் அம்மாவும் கிளிசரியாக் கம்புகளை வரிசையாக ஊன்றி, மேலே கயிறு கட்டிப் பயற்றங்கொடிக்குப் பந்தல் போட்டோம். முதல் காய் வந்தபோது அம்மா அதைப் பறிக்காமல் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். முழங்கையைத் தாண்டித் தோளைத் தொட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. பால்வெட்டும் சம்பளமும் இல்லாத மழை நாட்களில் வாடிக் கிடக்கும் அவள் முகத்தையே பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சிரிப்பு புதிது.

கத்தரிக்காயை எங்களால் தின்று தீர்க்க முடியவில்லை. லயம் முழுவதற்கும் கொடுத்தோம். பக்கத்துக் காம்பராவில் இருந்தவரைச் சொந்தம் எதுவும் இல்லாவிட்டாலும் நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாசலில் நின்று, "அக்கா, ஒங்க வீட்டு கத்தரிக்காயத் தின்னு தின்னு எம்புள்ள ஊதா கலராயிருச்சு. கொஞ்சம் வெண்டிக்காயும் குடுத்தா பச்சையாக்கிப் பாக்கலாம்" என்பார்.

சந்தோசம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு மழை பெய்தால் மறுநாள் காலையில் உள்ளங்கை அளவு நத்தைகள் கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டிருக்கும். குரங்குகள் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும். நான் பாடசாலைக்குப் போட்ட பழைய சட்டை ஒன்றைக் கம்பில் மாட்டி நிறுத்தினேன். அது பயனில்லை. குரங்குக் குட்டி ஒன்று அதன் தோளிலேயே உட்கார்ந்து தக்காளி தின்றது.

"சேர், கொரங்குக்கும் வகுப்பு எடுக்குறீங்களா?" என்று சித்தி கேட்டார். "சட்டை மட்டும் நிக்கிது, சத்தமே வரலையே."

சித்திரை பிறந்து, மாலை மழை தொடங்கியபோதுதான் பந்தல் கம்புகள் சாயத் தொடங்கின. முதலில் நான் சரியாக ஊன்றவில்லை என்று நினைத்து நிமிர்த்தி வைத்தேன். சில நாட்களில் மறுபடி சாய்ந்தன. எல்லாமே கீழ்நோக்கி, லயத்தைப் பார்த்துக் கும்பிடுவது போல. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. சித்தியின் ஆடுதான் உடம்பைத் தேய்க்கிறது என்றாள். படியில் நின்று அதைச் சத்தமாகவே சொன்னாள்.

சித்தி குசினியிலிருந்து வெளியே வந்தார். "என் ஆடு தேய்ச்சா ஒரு கம்பு சாயும் அக்கா. அத்தன கம்பையும் ஒரே பக்கமா, ஒரே அளவா சாய்க்க அது என்ன பள்ளிக்கூடத்துல டிரில் பழகுச்சா?"

"பழக்கியிருப்ப."

"பழக்குறதுன்னா சேர் வீட்டு ஆட்டத்தான் பழக்கணும். எங்க வீட்டுல யாரு படிச்சிருக்கா?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சித்தி கோபத்தில் கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை கம்பையும் ஒரே பக்கமாகச் சாய்க்கக்கூடியது எது? அதை யாரும், நான் உட்பட, இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளவில்லை. கம்புகளை நிமிர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கினேன்.

ஊற்றை முதலில் கண்டவன் நான்தான். சில நாட்கள் மழை ஓய்ந்திருந்த ஒரு காலை, பந்தலின் கீழ்ப்பக்கத்தில் மண் நசநசவென்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் குந்தி உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் குழியின் ஓரத்திலிருந்து தண்ணீர் நூல் போல வந்தது. கலங்கல் தெளிந்ததும் அடியில் கிடந்த மணல் தெரிந்தது.

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் என்னவென்று சொன்னால்தான் அந்தக் காலையின் சந்தோசம் விளங்கும். லயத்துக்குக் கீழே பாதையோரத்தில் மலைத்தண்ணீர் விழும் பீலி இருக்கிறது. அங்கிருந்து குடிக்க, குளிக்க, சமைக்க, துண்டுக்கு ஊற்ற எல்லாத் தண்ணீரையும் வாளியில் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். வெயில் வந்த பிறகு செடிகளுக்கு ஊற்றி ஊற்றி அம்மாவின் இடது தோள் இறங்கியே போயிருந்தது. இப்போது தண்ணீர் தானாக, அதுவும் பந்தலடியிலேயே வருகிறது. அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"இனிக்கிது தம்பி. குடிச்சுப் பாரு."

நானும் குடித்தேன். இனித்தது போலத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊற்றின் தலைப்பக்கத்தில் ஒரு கல் நிமிர்ந்து நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தாள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. ரப்பர் மலையில் ஒரு மரத்தடியில், ஒரு பாறையிடுக்கில், எங்கேயாவது எதிர்பாராமல் ஒன்று தென்பட்டால் அங்கே ஆத்தா வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். லயத்தில் எல்லோரும் செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். சித்தியும் செம்பருத்தியோடு வந்தார். இருவரும் பேசுவதில்லை என்பதால் ஆத்தாவிடம் பேசினார்கள்.

"ஆத்தா, ஒனக்குத் தெரியும். என் ஆடு கம்பத் தொடல" என்றார் சித்தி.

"ஆத்தா, ஆடு பொய் சொல்லாது. ஆட்டுக்காரிதான் சொல்லுவா" என்றாள் அம்மா.

நான் கற்பூரம் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

பிறகு பெரிய மழைகள் வந்தன. ஒரு மழைக்குப் பின் துண்டின் மேல் விளிம்பில், ரப்பர் பிடுங்கிய வெறும் நிலம் தொடங்கும் இடத்தில், தரை வெடித்திருந்தது. எங்கள் துண்டிலிருந்து சித்தியின் துண்டு வழியாக வில் போல வளைந்து போனது. கை நுழையும் அகலம். அம்மா அதைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "வத்தாளைக் கொடிக்கு வாய்க்கால் வெட்டுற வேலை மிச்சம்."

அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வெடிப்புக்குள் ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் காய்ந்த இலையும் போட்டு, மேலே மண் மூடி, வத்தாளைக் கொடி, அதாவது சர்க்கரைவள்ளி, நட்டோம். நிறையக் குப்பை தேவைப்பட்டது. கூடை கூடையாகக் கொட்டினேன். உள்ளே போய்க்கொண்டே இருந்தது. என் கைகள்தான் அதைச் செய்தன என்பதை இன்றும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. மண்சரிவுக்கு முன்னால் நிலம் காட்டும் அடையாளங்கள் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருந்தன. நான் அந்தப் படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதியவன். ஆனால் புத்தகத்தில் இருந்த மலை வேறு, எங்கள் துண்டு வேறு என்று எனக்குள் யாரோ பிரித்து வைத்திருந்தார்கள்.

வீட்டுத்தோட்டங்களைப் பார்த்து விதை கொடுக்க விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சிங்களவர்; என்னைவிடச் சில வயதுதான் கூடுதலாக இருக்கும். லயத்தில் அவரை மிஸ் என்றார்கள். அவர் படியேறி வந்ததும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள் அம்மா. மறுக்காமல் கழற்றினார். கத்தரியைப் பார்த்தார், வெண்டியைப் பார்த்தார், நத்தைக்கு என்ன செய்கிறோம் என்று விசாரித்தார். அம்மா கடைவீதிச் சிங்களத்தில் வெளுத்து வாங்கினாள். பாராட்டுக் கிடைத்த உற்சாகத்தில் ஊற்றுக்கு அழைத்துப் போனாள்.

அந்தப் பெண் குழிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மே வத்துர கவதத ஆவே, அம்மே?" இந்தத் தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்டார்.

"தெய்யோ துன்ன வத்துர, மிஸ்." கடவுள் கொடுத்த தண்ணீர் என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பந்தல் கம்புகளைப் பார்த்தார். கல் வைத்து இறுக்கியும் அவை மீண்டும் சாய்ந்திருந்தன. கம்பு எப்போதும் இப்படியா என்று என்னிடம் கேட்டார். பிறகு மேலே ஏறினார். வத்தாளைக் கொடி வளைந்து போகும் வரிசையைக் கண்டதும், இதை ஏன் இப்படி வளைத்து நட்டீர்கள் என்றார். நிலம் தானாகவே வெடித்தது, வேலை மிச்சம் என்று அம்மா பெருமையோடு விளக்கினாள். அவர் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துக் கொடிகளுக்கு நடுவில் குத்தினார். குச்சி நிற்கவில்லை. இறங்கியது. அவருடைய கையும் முழங்கை வரை மண்ணுக்குள் போயிற்று.

கையை வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் இருந்த நிறத்தை நான் மறக்கவே மாட்டேன். அவர் உரத்துப் பேசவில்லை. என் பக்கம் திரும்பி, தம்பியிடம் சொல்வதுபோல, "மல்லி, அம்மாவ எக்கங் யன்ன. அதம" என்றார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, இன்றைக்கே. அவ்வளவுதான். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, யாருக்கோ தொலைபேசியில் பேசியபடி வெறுங்காலோடு பாதைவரை போய்விட்டார். விதைப் பொட்டலங்கள் எங்கள் குசினித் திண்டிலேயே கிடந்தன.

நான் நின்றிருந்த நிலம், அம்மா நின்றிருந்த நிலம், கீழே புகை வந்துகொண்டிருந்த ஆறு குசினிகள், எல்லாமே அந்த ஒரு குச்சி இறங்கியதோடு வேறு மாதிரித் தெரிந்தன. வெயில், தண்ணீர், வெட்டாமல் கிடைத்த வாய்க்கால். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த நல்லது எதுவும் நல்லதே இல்லை.

அம்மாவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"வெத குடுக்க வந்தவ வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டுப் போறா. நல்லாயிருக்கே."

"அம்மா, மலை நகருது. கம்பு சாஞ்சது ஆட்டால இல்ல."

"போன தடவ பக்கத்து டிவிஷன்ல இப்படித்தான் சொன்னாங்க. ரெண்டு நாளைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சனம் இன்னும் தறப்பாள் கூடாரத்துக்குள்ளதான் குந்தியிருக்கு. லயத்த விட்டு எறங்குனவன் திரும்ப ஏறுனத நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதுதான் சிக்கல். அவள் சொன்னதும் நடந்த கதைதான். நான் பாடப்புத்தகத்தை எடுத்து வந்து படத்தைக் காட்டினேன். சாய்ந்த மரம், வெடித்த நிலம், புதிதாகப் பிறந்த ஊற்று. அம்மா படத்தைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"இதுல ஆத்தா எங்க?" என்று கேட்டாள். "அவ வந்து ஒக்காந்த எடத்துலயா மண்ணு சரியும்? அப்படின்னா அவ எதுக்கு வந்தா?"

கொழும்புக்கு அப்பாவை அழைத்தேன். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். முழுவதையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நீ சொல்றத அவ கேக்கட்டும். கேக்கலன்னா அவ சொல்றத நீ கேளு. எப்படியோ ரெண்டு பேரும் நனையாதீங்க." நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அவரிடம் பயற்றங்காய் இந்தத் தடவை தோள்வரை வந்திருக்கிறது என்று சொன்னாள்.

மறுநாள் கிராம சேவகர் வந்து, எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போகவேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அசையவில்லை. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரே பதில்: அக்கா இருக்குதுல்ல, அந்த அக்கா போகட்டும், நாங்களும் போறோம். ஊற்று பிறந்த நாளிலிருந்து அம்மாதான் அதற்குப் பூசாரி. பூசாரி இருக்கும் இடத்தில் ஆபத்து இல்லை என்பது லயத்தின் கணக்கு. சின்னப் பிள்ளைகள் உட்பட ஒரு லயம் முழுவதும் என் அம்மாவின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை விடவில்லை. பாடசாலையை மூடிவிட்டார்கள். பால்வெட்டும் இல்லை. அம்மா குசினியில் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருப்பாள். நான் குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு நிலையில் உராய்ந்தது. மறுநாள் பாதிவரைதான் மூடியது. ஈரத்தில் பலகை ஊதியிருக்கிறது என்றாள். நான் கதவு நிலையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பலகை அப்படியேதான் இருந்தது. நிலைதான் சதுரமாக இல்லை.

"நா தனியாப் போயிருவேம்மா" என்றேன். மிரட்டிப் பார்க்கலாம் என்று.

"போ. பாய எடுத்துட்டுப் போ. மண்டபத்துல தரை குளிரும்."

போக முடியவில்லை. அன்றெல்லாம் அவளை விட்டு ஐந்தடிக்கு மேல் நகரவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மஞ்சளும் செம்புமாகக் கொட்டும் மழையில் படியேறினாள். நான் பின்னாலேயே போனேன். பந்தலுக்குள் நுழைந்தவள் நின்றாள். மேலேயிருந்து மழைத்தண்ணீர் எல்லாப் பக்கமும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. படிகளில் ஓடியது, பாத்திகளுக்கு நடுவே ஓடியது. ஆத்தாவின் குழியில் மட்டும் ஊற்று இல்லை. வாரக்கணக்காக ஒரு நாளும் ஓயாத தண்ணீர் நூல் அறுந்திருந்தது. பக்கவாட்டிலிருந்து வழிந்த மழைநீரும் குழிக்குள் இறங்கி, தங்காமல், எங்கேயோ காணாமல் போனது.

அம்மா கையை உள்ளே விட்டுத் துழாவினாள். கையை எடுத்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒன்று வந்து நின்றது.

"எறங்கிட்டா" என்றாள்.

"யாரும்மா?"

"அவதான். மழை இந்தக் கொட்டு கொட்டுது, ஊத்து வத்திப்போச்சுன்னா என்ன அர்த்தம்? அவ இங்க இல்லடா."

மஞ்சள் பூசிய கல்லை மண்ணிலிருந்து பெயர்த்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். பந்தலில் ஒரு காயைக்கூடப் பறிக்கவில்லை. கீழே இறங்கி, எங்கள் வீட்டுக்குள் போகாமல், முதல் காம்பராவிலிருந்து வரிசையாக ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சித்தியின் கதவையும் தட்டினாள். எல்லா வாசலிலும் ஒரே வசனம்.

"ஆத்தா எறங்கிட்டா. நாமளும் எறங்குவோம்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரமாகும் என்றும் எங்கே போய்த் தூங்குவது என்றும் யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் சொல்லி, புத்தகம் சொல்லி, நான் கெஞ்சி அசையாத ஆறு வீடும் அடுப்பில் உலை இருக்க அப்படியே எழுந்து நடந்தது. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். சித்தி ஆட்டை இழுத்தார். அது வர மறுத்தபோது அம்மா பின்னாலிருந்து தள்ளினாள். நான் எங்கள் வீட்டுப் பாயை மட்டும் சுருட்டிக்கொண்டு கடைசியாக நடந்தேன். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எது எங்களை இறக்கியது என்பதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பாடசாலை எதிர்ப்பக்கச் சரிவில் இருக்கிறது. விறாந்தையில் ஏறி, பெண்கள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிற்காமல் கொட்டியது. மழைத் திரைக்குப் பின்னால் மலையின் ஒரு பகுதி நிறம் மாறியது. பச்சையாக இருந்த இடம் சிவப்பாயிற்று. அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு வாசனை வந்தது. மண்வெட்டி போட்டுப் புதுப் பாத்தி கிண்டும்போது வரும் அதே வாசனை, தொண்டையை அடைக்கும் அளவுக்கு. எனக்குப் பிடித்த வாசனை அது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

சித்தி ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாப் பேருக்கும் பதில் வந்தது. ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் கூப்பிட்டார்.

வெகுநேரம் கழித்து அம்மா அவரிடம் சொன்னாள்: "ஒன் ஆடு இல்லடி."

"இப்ப என்ன, அதுகிட்ட மன்னிப்பு கேக்கப் போறீங்களா?" என்றார் சித்தி. இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

மழை ஓய்ந்து சில நாட்கள் கழித்து, வீட்டுக்கு ஒருவர் இருவராகப் போய்ச் சாமான் எடுக்க விட்டார்கள். கூடவே படைக்காரர்கள் நின்றார்கள். விதை கொடுக்க வந்த அந்த மிஸ்ஸும் பாதையில் நின்றார். அம்மாவைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலு காம்பராக்களின் பின்சுவர் விழுந்திருந்தது. கடைசி இரண்டும் சித்தியுடையதும் எங்களுடையதும். சித்தியின் வீடு இருந்த இடத்தில் மண்மேடு மட்டும். எங்கள் வீட்டின் முன்சுவர் அப்படியே நின்றது, ஜன்னலோடு. இடிந்த வீட்டைப் பார்க்கத் தயாராகத்தான் போனேன். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவன் கத்திவிட்டேன்.

எங்கள் துண்டு உள்ளே இருந்தது. சிதறி அல்ல. கேக் வெட்டி வைத்ததுபோல, பாத்தியும் பந்தலும் சேர்ந்து, ஒரே கட்டியாகச் சறுக்கி இறங்கி, பின்சுவரைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. நான் படுக்கும் இடத்தில் கத்தரிச் செடிகள் வரிசை மாறாமல் நின்றன, பூவோடு. அடுப்பு இருந்த இடத்துக்கு மேலே பந்தல். கூரை போயிருந்ததால் மேலேயிருந்து வெயில் நேராக இறங்கியது. கம்புகள் இப்போது சாயாமல் நேராக நின்றன. நாங்கள் இறங்காமல் இருந்திருந்தால், மலை சரிந்த நேரம் அந்த அடுப்படியில்தான் அம்மா உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்திருப்பாள். நான் அவளுக்கு எதிரே, ஐந்தடி தள்ளி.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தாள். படைக்காரர், எடுக்க எதுவும் இல்லை, போகலாம் என்று சைகை காட்டினார். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கொடி வெளியே வந்து, அதில் காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையில் தாங்கி, பெருவிரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பறிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பிஞ்சு" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்."

விட்டுவிட்டுப் பாதையை நோக்கி நடந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அந்தக் காய் ஆடி அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.